அலோன்சோ இருந்தும் பெராரி ஏன் ஜெயிக்கவில்லை?

கேள்வி இதுதான்: ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் 2010 முதல் 2014 வரை பெர்னாண்டோ அலோன்சோ மாதிரி ஒருவர் கையில் இருந்தும், பணத்துக்குப் பஞ்சமே இல்லாத பெராரியால் ஏன் அவருக்கு ஒரு உலகப் பட்டம் வாங்கிக் கொடுக்க முடியவில்லை? அணிக்குள் நடந்த அரசியலா, அவருடைய குணமா, வெறும் துரதிர்ஷ்டமா?

வழக்கமாக வருகிற பதில்கள் மூன்று. அபுதாபியில் சொதப்பிய பிட் ஸ்டாப், எதிரணியான ரெட்புல்லில் இருந்த கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி, அப்புறம் அலோன்சோவின் வாய். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நான் சாதாரண கார்களுக்கான விண்ட் டனல் (காற்றை வீசி வடிவத்தைச் சோதிக்கும் கூடம்) வேலையில் சில வருடங்கள் இருந்தவன், அந்தக் கண்ணோடு பார்க்கும்போது இந்த ஐந்து வருடக் கதை வேறு மாதிரி தெரிகிறது. தன் கார் எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்பதே பெராரிக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு அலோன்சோவும் ஒரு காரணம். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை, அளவுக்கு மீறி நன்றாக ஓட்டினார், அவ்வளவுதான்.

முதலில் அபுதாபியை முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். 2010இன் கடைசிப் பந்தயம். அலோன்சோ 246 புள்ளி, ரெட்புல் ஓட்டுநர்கள் மார்க் வெப்பர் 238, செபாஸ்டியன் வெட்டல் 231. வெட்டலே ஜெயித்தாலும் அலோன்சோ நான்காவதாக வந்தால் போதும், பட்டம் அவருக்கு. புறப்படும்போது மெக்லாரனின் ஜென்சன் பட்டன் முந்திவிட்டதால் அவர் சரியாக அந்த நான்காம் இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார். வெப்பர் சுவரில் லேசாக உரசிவிட்டு 11ஆவது சுற்றிலேயே டயர் மாற்ற உள்ளே வந்தார். பெராரி பிட் சுவரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைக்கு எதிரி என்றால் வெப்பர்தான், எட்டே புள்ளி பின்னால் இருந்தவர் அவர். புது டயரில் வேகம் எடுத்து அலோன்சோவைத் தாண்டிவிடுவாரோ என்ற பயத்தில் 15ஆவது சுற்றில் அலோன்சோவையும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது வெப்பருக்கு முன்னால்தான் இருந்தார், போட்ட கணக்கு சரி. ஆனால் அவருக்கு முன்னால் ரெனோ காரில் விட்டாலி பெட்ரோவ் போய்க்கொண்டிருந்தார். பெட்ரோவ் முதல் சுற்றிலேயே, ஷூமாக்கரின் விபத்தால் சேஃப்டி கார் வந்து எல்லோரையும் மெதுவாக்கிய நேரத்தில், டயர் மாற்றி வேலையை முடித்துக்கொண்டவர், அவர் இனிமேல் உள்ளே வந்து வழிவிடப் போவதில்லை. அந்த ரெனோவோ நேர்ப்பாதையில் பறக்கிற கார். மிச்சமிருந்த நாற்பது சுற்றும் அலோன்சோ அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டி ஏழாவதாக முடித்தார். வெட்டல் ஜெயித்தார், 256க்கு 252. அந்த வருடம் முழுக்கப் புள்ளிப் பட்டியலில் ஒருமுறைகூட முதலிடத்தில் இல்லாத வெட்டல், கடைசி நாளில் மட்டும் முதலிடத்துக்கு வந்தார், அதுவே போதுமாக இருந்தது.

சில வாரங்களில் பந்தய வியூகத்தின் பொறுப்பில் இருந்த கிறிஸ் டையர் மாற்றப்பட்டார். தப்பு நடந்தது, ஒருவர் போனார், கணக்கு தீர்ந்தது என்று ஆனது. ஆனால் அந்த வருடத்தின் இன்னொரு எண்ணைப் பாருங்கள். மொத்தம் 19 பந்தயம், அதில் 15இல் ‘போல்’ (தகுதிச் சுற்றில் முதலிடம்) ரெட்புல்லுக்கு. அலோன்சோவுக்கு இரண்டு, மோன்சாவும் சிங்கப்பூரும். அதாவது தகுதிச் சுற்றில் ஒரு காரின் சுத்தமான வேகம் வெளிப்படும் இடத்தில் பெராரி வருடம் முழுக்கப் பின்தங்கியே இருந்தது. அந்தக் காரை வைத்துக்கொண்டு அலோன்சோ ஐந்து பந்தயம் ஜெயித்து, கடைசி நாள் வரை முன்னணியில் நின்றதுதான் அதிசயம். பெராரி அதை அப்படிப் பார்க்கவில்லை. கையில் இருந்த பட்டத்தை ஒரு தப்பான முடிவால் தவறவிட்டோம் என்றுதான் நினைத்தது. வலி ஓரிடம், கட்டுப் போட்டது வேறிடம்.

2011இல் அந்த வலி வெளியே தெரிந்தது. பிரிஜ்ஸ்டோன் போய் பிரெல்லி டயர் வந்த வருடம் அது. ஸ்பெயினில் அலோன்சோ நான்காம் இடத்திலிருந்து புறப்பட்டு முதல் வளைவிலேயே எல்லோரையும் தாண்டி முன்னணிக்குப் போனார், சொந்த ஊர்க் கூட்டம் எழுந்து நின்றது. கடினமான டயருக்கு மாறியதும் கார் செத்துவிட்டது, அந்த டயரைச் சூடேற்றவே பெராரியால் முடியவில்லை. முன்னணியில் ஓடிய மனிதர் கடைசியில் ஒரு முழுச் சுற்று பின்தங்கி ஐந்தாவதாக முடித்தார். அடுத்த சில நாட்களில் டெக்னிக்கல் டைரக்டர் ஆல்டோ கோஸ்டா பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார். கோஸ்டா பிறகு மெர்சிடஸுக்குப் போனார், 2014 முதல் வரிசையாகப் பட்டம் வென்ற கார்களை உருவாக்கிய குழுவில் முக்கியமான ஆள் அவர். பெராரிக்குத் தேவைப்பட்டது வேறு ஆள் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, அப்படியானால் எதுதான் கெட்டிருந்தது? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஷூமாக்கர் காலத்து பெராரியின் பலம் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருந்த ஃபியோரானோ தடம். ஒரு புதுப் பாகம் செய்தால் காரில் மாட்டி அங்கே ஓட்டிப் பார்ப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிட்டு வேறொன்று. முஜெல்லோ தடமும் அவர்களுடையதுதான். பணம் இருக்கும்வரை எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வேண்டுமானாலும் ஓடலாம். கணக்கில் சந்தேகம் வந்தால் தடம் தீர்த்துவைக்கும். 2009இல் சீசன் நடுவே சோதனை ஓட்டம் ஓடுவது நிறுத்தப்பட்டதும் அந்த ஆயுதம் கையை விட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு பாகம் வேலை செய்யுமா செய்யாதா என்பதை விண்ட் டனலும் கணினியும்தான் சொல்ல வேண்டும். அவை பொய் சொன்னால் உங்களுக்கு அது தெரியவருவது பந்தய வார வெள்ளிக்கிழமை, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

விண்ட் டனல் ஏன் பொய் சொல்லும் என்று கேட்கலாம். உள்ளே நிற்பது முழுக் கார் இல்லை, பெரும்பாலும் 60 சதவீத அளவு மாதிரி. அடியில் ஒரு பெல்ட் ஓடும், சக்கரம் சுழலும், காற்று மணிக்கு 180 கிலோமீட்டர் வரைதான் வீசலாம். நிஜக் கார் முன்னூறைத் தாண்டி ஓடும், வளைவில் சாயும், பிரேக்கில் மூக்கு இறங்கும், எழும்பும், பக்கவாட்டில் காற்று அடிக்கும், முன்னால் போகிற காரின் கலங்கிய காற்றுக்குள் நுழையும். இவற்றைவிட மோசமானது டயர். வேகத்தில் பாரம் ஏறும்போது டயர் தரையோடு நசுங்கி இரண்டு பக்கமும் பிதுங்கும், அந்தப் பிதுக்கத்திலிருந்து ஒரு காற்றுச் சுருள் பீய்ச்சி அடிக்கும், அது காரின் அடித்தட்டான ஃப்ளோருக்கும் அதன் பின்முனையில் மேலே விரியும் டிஃப்யூசருக்கும் போகிற காற்றைக் கெடுக்கும். சின்ன மாதிரியின் சின்ன டயர் நிஜ டயர் போலவே பிதுங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பின்பக்க டயருக்கு முன்னால் ஒரு விரல் அகலத்தில் ஓடுகிற காற்றை நம்பி ஒரு காரையே வடிவமைத்துவிட்டு, தடத்தில் அந்தக் காற்று ஒரு விரல் தள்ளிப் போனால் அவ்வளவுதான். டனலில் கிடைத்த டவுன்ஃபோர்ஸ், அதாவது காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை, தடத்தில் இல்லை. எங்கே போயிற்று என்றும் தெரியாது.

அதைத் தேடுவதற்குத்தான் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அந்தப் பச்சைச் சாயத்தைப் பூசுகிறார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒளிரும் தூளை லேசான எண்ணெயில் குழைத்து இறக்கையின் ஓரத்திலோ ஃப்ளோரின் முனையிலோ தூரிகையால் அவசர அவசரமாகத் தடவுவார்கள், ஈரம் காய்வதற்குள் கார் புறப்பட வேண்டும். ஒரே ஒரு சுற்று. திரும்பி வரும்போது எண்ணெய் பறந்து போய், காற்று எந்த வழியாக ஓடியதோ அந்த வழியெல்லாம் பச்சைக் கோடு கோடாக உலர்ந்திருக்கும். நேராக நீளும் கோடு நல்லது. கோடு சுருண்டு ஓரிடத்தில் குட்டைபோலத் தேங்கியிருந்தால் அங்கே காற்று பரப்பை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். கார் பெட்டிக்குள் வந்ததும் ஒருவர் மண்டி போட்டு, கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோய் வரிசையாகப் படம் எடுப்பார், இன்னொருவர் துணியோடு காத்திருப்பார், ஏனென்றால் எதிரணியின் கேமராவும் அதே கோடுகளைத்தான் தேடும். அந்தப் படத்தை டனல் படத்தோடு வைத்துப் பார்க்கும் நேரம் இருக்கிறதே, அதில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மனசு அப்படியே இறங்கிவிடும். என்னுடைய சின்ன வேலையிலேயே அதை அனுபவித்திருக்கிறேன். பல வாரங்கள் உழைத்து எடுத்த எண்கள் முழு அளவுக் காரில் காணாமல் போகும்போது, முந்தைய எல்லா எண்களின் மீதும் சந்தேகம் வந்துவிடும். அடுத்து எதை நம்பி அடி எடுத்து வைப்பது?

பெராரி மாட்டிக்கொண்டது இதில்தான். தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோவில் இருந்த அவர்களுடைய விண்ட் டனல், கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்தது, 1997இல் திறந்தது. பார்க்க அற்புதமான கட்டடம். ஆனால் 2012 வாக்கில் அதன் எண்கள் தடத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதை அணியே ஒப்புக்கொண்டது. ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் டொயோட்டாவின் டனலை வாடகைக்கு எடுத்து அங்கே வேலை செய்தார்கள், சொந்த டனலை மூடிச் சீர்செய்தார்கள். உலகப் பட்டத்துக்கு மோதிக்கொண்டிருக்கும் ஒரு அணி, நடுவில் அளவுகோலையே மாற்றுகிறது என்றால் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 2012. என் கணக்கில் அலோன்சோவின் வாழ்க்கையிலேயே சிறந்த வருடம், அவர் பட்டம் வென்ற 2005ஐயும் 2006ஐயும் சேர்த்தே சொல்கிறேன். F2012 என்ற அந்தக் காரில் முன் சஸ்பென்ஷனுக்குப் புல் ராட் (தள்ளுவதற்குப் பதில் இழுக்கும் கம்பி) அமைப்பைக் கொண்டுவந்தார்கள், 2001இல் மினார்டி அணி செய்ததற்குப் பிறகு யாரும் தொடாதது. முதல் பந்தயம் மெல்போர்ன், தகுதிச் சுற்றில் அலோன்சோ சுழன்று மணலில் மாட்டி 12ஆவது, பெராரியின் இன்னொரு ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸா 16ஆவது. அப்படிப்பட்ட கார். ஞாயிற்றுக்கிழமை அதை ஐந்தாவதாகக் கொண்டுவந்தார். அடுத்த வாரம் மலேசியாவில் மழை, எட்டாம் இடத்திலிருந்து புறப்பட்டு ஜெயித்தார். வலென்சியாவில் 11ஆம் இடத்திலிருந்து ஜெயித்தார். ஜூலை கடைசியில் ஹங்கேரி முடிந்தபோது அவர் 40 புள்ளி முன்னிலையில் இருந்தார். அந்த வருடம் அவர் எடுத்த போல் இரண்டே இரண்டு, சில்வர்ஸ்டோனும் ஹாக்கன்ஹைமும், இரண்டிலும் தகுதிச் சுற்று மழையில் நடந்தது. காய்ந்த தடத்தில் ஒரு போல்கூட அந்தக் காருக்கு வரவில்லை.

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அது உலகின் சிறந்த கார் மாதிரி தெரிந்திருக்கும். இங்கேதான் என்னுடைய வாதமே இருக்கிறது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள், உடம்பு தெளிவாக இருப்பது போலத் தோன்றும், நோய் உள்ளே தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். அலோன்சோ பெராரிக்கு அந்த மாத்திரை. பின்பக்கம் நிலையில்லாத காரையும், முன்பக்கம் கடிக்காத காரையும் அவர் ஏதோ ஒரு விதத்தில் ஓட்டிவிடுவார், வளைவின் நடுவில் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே, டயரைக் காப்பாற்றிக்கொண்டே. அவர் தரும் முடிவைப் பார்த்துக் காரை எடைபோட்டால் எடை தப்பாகத்தான் வரும்.

உண்மையான எடை பக்கத்துப் பெட்டியில் இருந்தது. 2012இல் அலோன்சோ 278, மாஸா 122. 2013இல் 242, 112. மாஸாவைக் குறைசொல்லிவிட்டுப் போவது சுலபம், 2009 ஹங்கேரி விபத்துக்குப் பிறகு பழைய மாஸா இல்லை என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2008இல் ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டத்தைத் தவறவிட்டவர் மாஸா. 2014இல் வில்லியம்ஸுக்குப் போனதும் ஆஸ்திரியாவில் போல் எடுத்தார். அதே 2014இல் மாஸாவின் இடத்துக்கு வந்தவர் கிமி ரைக்கோனென், 2007இன் உலக சாம்பியன். அந்த வருடக் கணக்கு அலோன்சோ 161, ரைக்கோனென் 55. இரண்டு நல்ல ஓட்டுநர்கள் அடுத்தடுத்து ஒரே இருக்கையில் பாதிப் புள்ளிக்கும் கீழே போனால், முதலில் அந்த இருக்கையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

2012இன் முடிவு தெரிந்ததுதான். பெல்ஜியத்தின் ஸ்பாவில் முதல் வளைவில் லோட்டஸ் அணியின் குரோஜானின் கார் பறந்து வந்து மோதி அலோன்சோ வெளியே. ஜப்பானின் சுஸுகாவில் முதல் சுற்றிலேயே டயர் போய் வெளியே. இதைத்தான் துரதிர்ஷ்டம் என்கிறார்கள், சரி, அது உண்மைதான். ஆனால் அதே நேரத்தில் வெட்டல் சிங்கப்பூர், ஜப்பான், கொரியா, இந்தியா என்று நான்கை வரிசையாக ஜெயித்தார், ரெட்புல் கொண்டுவந்த புதுப் பாகங்கள் வேலை செய்தன. பெராரி கொண்டுவந்தவை வெள்ளிக்கிழமை மாட்டப்பட்டு சனிக்கிழமை கழற்றப்பட்டன. ஆஸ்டினில் அலோன்சோவைத் தடத்தின் சுத்தமான பக்கத்திலிருந்து புறப்படவைப்பதற்காக, அவருக்கு முன்னால் நின்ற மாஸாவின் கியர்பாக்ஸ் முத்திரையை வேண்டுமென்றே உடைத்து, புறப்படும் வரிசையில் பின்னால் போகும் தண்டனையை மாஸாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். விதிக்கு உட்பட்டதுதான். ஆனாலும் தொழிற்சாலையில் கிடைக்காத வேகத்தை ஒரு அணி இப்படியெல்லாம் தேட வேண்டியிருந்தது என்பது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடைசியில் 281க்கு 278. மூன்று புள்ளி.

மீதி இரண்டு வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013இல் அலோன்சோ சீனாவிலும் ஸ்பெயினிலும் ஜெயித்தார், அதோடு சரி, வெட்டல் கடைசி ஒன்பது பந்தயத்தையும் வரிசையாக எடுத்துக்கொண்டார். 2014இல் ஹைபிரிட் இன்ஜின் வந்தது. ஏரோவுக்கு, அதாவது காற்றோட்டத்துக்கான வடிவமைப்புக்கு, இடம் வேண்டும் என்று இன்ஜினை இறுக்கமாகச் சுருக்கினார்கள், கார் வேகமும் வரவில்லை, இன்ஜினில் சக்தியும் இல்லை. இன்ஜின் தலைவர் லூக்கா மர்மோரினி வெளியேறிய பிறகு இதை வெளிப்படையாகவே சொன்னார். 1993க்குப் பிறகு முதல்முறையாகப் பெராரி ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத வருடம் அது. டொமெனிக்காலி, மத்தியாச்சி, அரிவபேனே என்று ஒரே வருடத்தில் மூன்று அணித் தலைவர்கள். பெராரி நிறுவனத்தின் தலைவர் மொன்டெசெமோலோவே போய்விட்டார். ஆட்களை மாற்றினால் அளவுகோல் சரியாகிவிடாது.

அலோன்சோவின் குணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2013 ஹங்கேரியில், பிறந்தநாளுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டதற்கு மற்றவர்களுடைய கார் வேண்டும் என்றார், மொன்டெசெமோலோ அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். இதையெல்லாம் பெரிய காரணமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மூன்றரை வருடம் அந்தக் காரோடு மல்லுக்கட்டிய மனிதர் ஒரு வார்த்தை பேசிவிட்டார், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குரல் பெரிதாக உள்ள ஓட்டுநர் இருக்கும் அணியில் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள், அவர் சமாளித்துவிட்ட குறை யார் காதிலும் விழாது. மாஸா சொன்னவற்றை அணி இன்னும் கூர்ந்து கேட்டிருக்கலாம்.

அடுத்து அவர் போன மெக்லாரனிலும் இதே கதைதான், அங்கே மறைத்த போர்வை மட்டும் வேறு. 2015இல் ஹோண்டா இன்ஜினோடு வந்தார்கள். அங்கேயும் காரின் பின்பக்கத்தை ஒல்லியாக்க வேண்டும் என்று இன்ஜினை மிகச் சிறிய இடத்துக்குள் அடக்கச் சொன்னார்கள், டர்போவின் கம்ப்ரெஸரை இன்ஜினின் ‘வி’ வடிவத்துக்கு நடுவிலேயே ஹோண்டா வைத்தது. சின்ன டர்போவால் போதுமான மின்சக்தி சேர்க்க முடியவில்லை, நீண்ட நேர்ப்பாதையில் பாதியிலேயே பேட்டரி உதவி தீர்ந்துவிடும், மீதிப் பாதியில் மற்ற கார்கள் இரண்டு பக்கமும் கடந்து போகும். ஸ்பாவில் இன்ஜின் பாகங்களை மாற்றியதற்காக இரண்டு காருக்கும் சேர்த்து, புறப்படும் வரிசையில் 105 இடம் பின்னால் போகும் தண்டனை, ஓடுவதோ 20 கார். வருடக் கடைசியில் 27 புள்ளி, ஒன்பதாம் இடம். ஹோண்டாவின் சொந்தத் தடமான சுஸுகாவில், எதிரிகள் கடந்துபோனபோது, இது ஜிபி2 இன்ஜின் என்று அலோன்சோ ரேடியோவில் கத்தினார். ஜிபி2 என்றால் அப்போது ஃபார்முலா ஒன்னுக்குக் கீழே இருந்த வகுப்பு. ஹோண்டாவுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று வருடமும் மெக்லாரன் ஒரே பாட்டைப் பாடியது, எங்கள் சேசிஸ் (இன்ஜின் தவிர்த்த கார்) முன்னணித் தரம், இன்ஜின் மட்டும்தான் பிரச்சினை. சாட்சிக்கு ஹங்கேரியைக் காட்டினார்கள். இன்ஜின் சக்தி அதிகம் தேவைப்படாத, வளைந்து வளைந்து போகிற அந்தத் தடத்தில் அலோன்சோ 2015இல் ஐந்தாவது, 2017இல் ஆறாவது, அதோடு அன்றைய வேகமான சுற்றும் அவருடையது. நானும் அதை நம்பினேன். 2017இல் அவரைச் சமாதானப்படுத்த மொனாக்கோவை விட்டுவிட்டு இண்டியனாபொலிஸ் 500 ஓட அனுப்பினார்கள், அங்கே 27 சுற்று முன்னணியில் இருந்தார், 21 சுற்று மிச்சமிருக்கும்போது இன்ஜின் போயிற்று. அதுவும் ஹோண்டா. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2018இல் ஹோண்டாவை அனுப்பிவிட்டு ரெனோ இன்ஜின் வாங்கினார்கள். அதே இன்ஜினில்தான் ரெட்புல்லும் ஓடியது. ரெட்புல் அந்த வருடம் நான்கு பந்தயம் ஜெயித்தது. மெக்லாரன் 62 புள்ளி, அதில் 50 அலோன்சோவுடையது. அணியில் கூட ஓட்டிய ஸ்டோஃபல் வாண்டோர்ன் என்ற நல்ல இளைஞரைத் தகுதிச் சுற்றில் 21க்கு 21 தோற்கடித்தார். மூன்று வருடமாக இன்ஜினுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சேசிஸ் குறை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது, காற்றை இழுத்துக்கொண்டு போகிற கார், நேர்ப்பாதையில் மெதுவாகவும் வளைவில் பிடிப்பில்லாமலும். ஹோண்டாவோ ரெட்புல்லின் சின்ன அணியான டோரோ ரோஸோவிடம் ஒரு வருடம் அமைதியாக வேலை செய்து, 2019 ஆஸ்திரியாவில் ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பெனோடு ஜெயித்து, 2021இல் உலகப் பட்டத்தையும் எடுத்தது.

இது அலோன்சோவுக்கு மட்டும் எழுதிய விதி என்று நினைக்க வேண்டாம். 2024 ரெட்புல்லைப் பாருங்கள். முதல் ஐந்து பந்தயத்தில் வெர்ஸ்டாப்பெனின் அணித் தோழர் செர்ஜியோ பெரேஸ் நான்கு முறை முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறினார், பிறகு மே மாதத்திலிருந்து காரோடு போராட ஆரம்பித்தார். பெரேஸ் முடிந்துவிட்டார் என்று எல்லோரும் எழுதினார்கள், வெர்ஸ்டாப்பென் ஜெயித்துக்கொண்டிருந்தாரே. ஆனால் காரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் பிரிந்துகொண்டிருந்ததை முதலில் பட்டது அவர்தான். செப்டம்பரில் மோன்சாவில் வெர்ஸ்டாப்பெனே ஆறாவதாக வந்து, இந்தக் கார் அரக்கனாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் அணி பழைய ஃப்ளோர்களைத் திரும்ப எடுத்து, பெட்ஃபர்டில் இருக்கும் தன் பழைய டனலைச் சந்தேகப்பட ஆரம்பித்தது. மொத்தம் பத்துப் பந்தயம் வரிசையாக வெற்றியில்லாமல் போனது, அணிகளுக்கான பட்டம் மெக்லாரனுக்குப் போனது. வெர்ஸ்டாப்பெனின் பட்டம் கைநழுவாமல் பிழைத்தது, பிரேசில் மழையில் 17ஆம் இடத்திலிருந்து அவர் ஜெயித்த அந்த நாளால்.

மெக்லாரனும் அதுவரை பல வருடம் கொலோனில் அதே டொயோட்டா டனலைத்தான் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. 2023இல் தன் தலைமையகமான வோக்கிங்கில் சொந்த டனல் கிடைத்தது, அடுத்த வருடமே 1998க்குப் பிறகு முதல்முறையாக அணிகளுக்கான பட்டம். டனல் ஒன்றினால் மட்டும் வந்ததில்லை அது, நல்ல ஆட்கள் வந்தார்கள், முடிவெடுக்கும் முறை மாறியது. இருந்தாலும் அதன் ஓட்டுநர்கள் லாண்டோ நாரிஸும் ஆஸ்கர் பியாஸ்ட்ரியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தை ஓட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு புதுப் பாகம் காரில் ஏறினால் அது நல்லதா கெட்டதா என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்கிற அணி அது. பெராரியில் அலோன்சோவுக்கு அந்த ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட அது கிடைக்கவில்லை.